வெறும் வயிறும் ஒரு கை சீனியும்

1

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் வசிக்கும் இந்த ஆங்கிலேய ஊரின் கிளினிக்கிலிருந்து, என் பெயர் போட்டு, நல்ல தடித்த தாளில். உங்களுக்கு ஏதோ நோய் வருத்தம் இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை, ஆனாலும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதால் ஒருமுறை வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போங்கள் என்பது அதன் சாரம். சமையலறையில் நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன். வருத்தம் இல்லாத ஆளை ஆஸ்பத்திரிக்கு அழைக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இது எனக்கு இன்னும் புதுமையாகத்தான் இருந்தது.

இலங்கையில், லுணுகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போக இரண்டு சாமான் வேண்டும். ஒன்று வருத்தம், மற்றது வெறும் போத்தல். போத்தல் இல்லாமல் போனால் வருத்தம் எவ்வளவு பெரிதானாலும் மருந்து கிடையாது. டொக்டர் ஐயா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பிறகு பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிறத் தண்ணீரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, பல்லுப் பல்லாக வெட்டிய ஒரு காகிதக் கீற்றைப் போத்தலில் ஒட்டித் தருவார். கூடவே ஒரு துண்டு எழுதுவார். அந்தத் துண்டைக் காட்டினால்தான் காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு வராத காரணம் கணக்கில் சேரும். ஒன்றும் இல்லாமல் அங்கே போய் நின்றவனை எங்கள் ஊரில் வேலைக்கள்ளன் என்பார்கள்.

ஆகவே இந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆவல் அதிகம். நன்றாக இருக்கிற மனிதனிடம் அப்படி என்னதான் தேடுவார்கள்?

2

காத்திருக்கும் அறையில் என் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

"மிஸ்டர் ராமையா."

கடவுச்சீட்டில் எங்கள் பெயரைப் போடத் தெரியாமல் போட்டதால் இந்த நாட்டின் எல்லாக் காகிதங்களிலும் நான் என் அப்பாவாகத்தான் நடமாடுகிறேன். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கதவருகே ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்குச் சட்டென்று எழும்ப முடியவில்லை. நாற்பத்தொன்பது வயதில் போய்விட்ட மனிதர். வாழ்நாளில் ஒருமுறைகூட ஒருவரும் அவரை, வாங்க ராமையா, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று உள்ளே கூப்பிட்டதில்லை.

சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடியுடன் ஒரு தாதி இருந்தார். உயரம் பார்த்தார், நிறை பார்த்தார், பிரஷர் பார்த்தார். பிறகு ஒரு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றினார். என் இடுப்பைக் கடைசியாக அளந்தவர் பதுளை பஜாரில் என் கல்யாணக் காற்சட்டையைத் தைத்த டெய்லர். அதற்குப் பிறகு எட்டு விரற்கடை கூடியிருப்பது தெரிந்தது. உடற்பயிற்சி செய்வீர்களா என்றார். நான் நம்முடைய முறையில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் இல்லை என்று குறித்துக்கொண்டார். நான் சொன்னது ஆமாம். திருத்தலாமா என்று யோசித்தேன், இடுப்பு நாடா இன்னும் மேசையில் கிடந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்தன குடும்பக் கேள்விகள். அப்பாவுக்கு இருதய வருத்தம் இருந்ததா? அறுபது வயதுக்கு முன்பா? சீனி வியாதி? அம்மாவுக்கு? உடன்பிறந்தவர்களுக்கு?

அப்பா போனபோது எனக்குப் பதினான்கு வயது. பண்டாரவளையில் போடிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து அழைத்துப்போய், பஸ் மாறிப் பஸ் ஏறித் தோட்டத்தைச் சேர்ந்தபோது எல்லாம் முடியும் தறுவாயில் இருந்தது. மலையில் விழுந்துவிட்டார் என்றார்கள். அவ்வளவுதான் தெரியும். விழுந்ததால் செத்தாரா, சாகும்போது விழுந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தாதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனார். நான் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். நான் முதியோர் இல்லம் ஒன்றில் சமையல்காரன். அங்கே பதினொரு பேருக்குச் சீனி வியாதி. யாருக்குச் சீனி போடாத புடிங், யாருக்குப் போட்டது என்று முகம் பார்த்தே தட்டை நீட்டுவேன். ஊர்க் கிழவர்களின் இரத்தம் எல்லாம் எனக்குப் பாடம், பெற்றவருடையது தெரியாது. அந்தப் பக்கம் முழுவதும் தெரியாது என்று நிரம்பியபோது எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது.

கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள் என்றார் தாதி.

3

கேட்பதற்கு இருப்பது ஒரே ஆள். என் அக்கா பாக்கியம். ஐம்பத்தெட்டு வயது. நாங்கள் பிறந்த அதே தோட்டத்தில் இப்போது கங்காணி. எங்கள் தோட்டத்தில் பொம்பளை கங்காணி என்று ஒருவர் வந்தது அவள்தான் முதல், இரண்டு வருடம் ஆகிறது. இருபத்திரண்டு பெண்களைக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏற்றி இறக்குகிறாள். போனில் என்னோடு பேசும்போதும் ஏதோ எதிர்ச் சரிவில் நிற்கிறவனைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்தேன். அவளுக்கு மத்தியானம். அப்பா எப்படி அக்கா செத்தார் என்று கேட்டால் திட்டுவாள் என்று பயந்து, சுற்றி வளைத்து இடுப்பு நாடாவில் தொடங்கினேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். ஆம்பளைக்கு இடுப்பை எதுக்கு அளக்கிறது, சட்டை தச்சுக் குடுப்பாங்களா என்று கேட்டாள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எங்கள் குடும்பத்தில் இந்த ஆவல் எல்லோருக்கும் உண்டு. கடைசியில் சீனி என்ற சொல் வந்ததும் கேள்வி கேட்பதை விட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

"அப்பா ராத்திரியில எத்தன தரம் எந்திரிச்சு ஒண்ணுக்கு வெளிய போவாருன்னு உனக்குத் தெரியாது தம்பி, நீ போடிங்ல இருந்த. லயத்து வீட்டுக்குப் பின்னால தண்ணி ஓடுற கான் ஓரம் இருக்குல்ல, விடிஞ்சு பாத்தா அந்த எடத்துல எறும்பு கருப்பா மொய்ச்சிருக்கும். அம்மா தெனமும் அடுப்புச் சாம்பல அள்ளிப் போட்டு மூடுவாங்க."

இத்தனை வருடம் இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எறும்பு மொய்க்கிறத எல்லாம் போயி டொக்டர் ஐயாகிட்ட சொல்லுவாங்களா?"

அவள் சொன்னது சரிதான். எறும்புக்குப் போத்தல் கொண்டுபோக முடியாது, துண்டும் தரமாட்டார்கள். சாம்பல்தான் அதற்கு மருந்து. ஒரு மனிதர் எங்கள் கண் முன்னாலேயே கரைந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார், எறும்புகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் அவள் ஏதோ சில்லறை விஷயம் போல, எனக்குந்தான் ரெண்டு தரம் மலையில நிக்கிறப்ப கண்ணு இருட்டுச்சு என்றாள்.

அதற்குப் பிறகு நான் அவளை விடவில்லை. ஒரு நாள் பதுளைக்குப் போய் இரத்தம் பார்த்துக்கொண்டு வா என்று ஒவ்வொரு நாளும் நச்சரித்தேன். அவள் மாட்டேன் என்றாள். பயம் ஊசிக்கு இல்லை. எங்கள் மலை எவ்வளவு செங்குத்து என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

"சீனின்னு தெரிஞ்சா மலைக்கு விடமாட்டாங்க தம்பி. கன்னு வளக்குற நர்சரிக்குப் போட்டுருவாங்க. கங்காணியா நின்ன கையால, குந்திக்கிட்டு பையில மண்ணு நெறச்சுக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

உண்மையில் அப்படிச் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் முப்பது வருடம் கூடை சுமந்த பிறகு அந்த மலையில் சும்மா நின்று பார்க்கிற உரிமை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தன் இரத்தமே பறித்துவிடும் என்று நினைத்தாள். நான் விளக்கினேன், கெஞ்சினேன், கடைசியில் அப்பாவுடைய வயதைச் சொன்னேன். அது நியாயமான ஆயுதமில்லை, ஆனாலும் சொன்னேன். தோட்டத்தில் வேலையில்லாத ஒரு நாளில் போவதாக ஒப்புக்கொண்டாள்.

4

பதுளைக்குப் போன அன்று பின்னேரம் அவளே அழைத்தாள். முதலில் பசறைப் பக்கம் மழை என்றாள். பிறகு பஸ்ஸில் சனம் என்றாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"சீனி இருக்காம். நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, இப்ப சரியா?"

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப ஒருமுறை வரச் சொன்னார்களாம். அவள் இனிமேல் அந்தப் பக்கமே போவதாக இல்லை. தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது, நீயும் வாயை மூடிக்கொண்டு இரு என்றாள். நான்தான் அவளைப் பிடித்துத் தள்ளிக் கொண்டுபோய் இதில் விழுத்தினேன் என்று எனக்குத் தோன்றியது.

என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், அன்றைக்குக் காலையிலிருந்து என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனாள். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். அதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் நாள் ஆறு மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. விடியற்காலையில் எழும்பி, பால் விடாத சாயத்தண்ணி குடித்து, முகம் கழுவிப் புறப்பட்டிருக்கிறாள். லுணுகலையில் பஸ் பிந்தியதால் குளிருக்கு ஒரு சாயத்தண்ணி. பக்கத்தில் நின்ற பெண் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தபோது, வேண்டாம்மா, இன்னைக்கு இரத்தம் குடுக்கணும் என்று மறுத்துவிட்டாள். பதுளையில் இறங்கினால் கிளினிக் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் இஞ்சி தட்டிப்போட்டு இன்னொன்று. நானா வடைத் தட்டை முன்னால் கொண்டுவந்து வைத்தாராம், திரும்பியும் பார்க்கவில்லையாம். பசியில் காதடைத்தது, ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்றாள்.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்து உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று சாயத்தண்ணியும் ஒன்றன்பின் ஒன்றாக என் காது வழியே போயின, ஒன்றும் தட்டவில்லை.

என் மகள் திவ்யா சோபாவில் கிடந்தாள். பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள். காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பாள். தமிழ் போய்விட்டது, ஊர் போய்விட்டது, இனி ஒன்றும் மிஞ்சாது என்று நான் நண்பர்களிடம் புலம்புகிற பிள்ளை இவள்தான். காதில் இருந்ததை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, அத்தை டீ குடிச்சாங்களா? மூணு?"

"சாயத்தண்ணி."

"சீனியோட?"

"ஆமா."

"அப்ப அது ஃபாஸ்டிங் இல்லையே அப்பா."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. தினமும் பதினொரு பேருக்குச் சீனி பார்த்துக் கொடுக்கிற எனக்கு. நம் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலைச் சாயத்தண்ணி ஒரு உணவு அல்ல, பானமும் அல்ல, கண் விழிப்பதில் ஒரு பகுதி. சீனியை அதற்குள் போட்டுக் கரைப்பதும் இல்லை. அம்மா எங்கள் உள்ளங்கைகளில் ஆளுக்குக் கொஞ்சம் கொட்டுவார். நக்கிக்கொண்டு ஒரு வாய் குடிக்க வேண்டும், சீனி முடியும்போது கோப்பையும் முடிய வேண்டும். எனக்கு எப்போதும் சீனி முதலில் தீர்ந்துவிடும். அக்கா தன் கையை என் பக்கம் நீட்டுவாள். கையில் இருக்கிற சீனியை ஒருவரும் சாப்பாட்டில் சேர்த்ததில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தேத்தண்ணி சாப்பாடா?"

"இல்லக்கா. ஆனா இரத்தத்துக்கு அது தெரியாது."

பிறகு, அந்தச் சின்னதுகிட்ட போனக் குடு என்றாள். நான் திவ்யாவிடம் கொடுத்தேன். அவர்கள் இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். ஒருத்திக்குத் தமிழ் பாதி, மற்றவளுக்கு ஆங்கிலம் சுத்தமாக இல்லை. என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போவதாக அக்கா சம்மதித்துவிட்டாள்.

5

அந்த இரண்டு வாரத்துக்குள் என் முடிவு வந்தது. சிவப்புக் கண்ணாடித் தாதி என்னை உட்கார வைத்து, எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டது என்றார். சீனி. எனக்கு.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. காரணம் கையிலேயே இருக்கிறதே. அன்றைக்குக் காலையில் நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன், அதனால்தான் என்று சொன்னேன். அக்காவின் கதை முழுவதையும் சொன்னேன். உள்ளங்கைச் சீனியைக் கையை நீட்டி நடித்துக் காட்டினேன். அவர் ரசித்துக் கேட்டார். பிறகு மெதுவாக, இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்றார். ஒரு நாள் காலையில் குடித்தது இதில் தெரியாதாம். கடந்த இரண்டு மூன்று மாதமாக உடம்பில் சீனி எப்படி இருந்தது என்று இது சொல்லிவிடுமாம். எப்படி என்று கேட்டேன். சீனி இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும், அந்த அணு சாகும்வரை போகாது என்று விளக்கினார். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. எறும்புகள் செய்த அதே வேலை, கொஞ்சம் சுத்தமான முறையில்.

ஆரம்பம்தான், கவனமாக இருந்தால் சமாளிக்கலாம் என்றார். குடும்பப் பக்கத்தைத் திறந்தார். அப்பாவுக்கு நேரே என்ன எழுதட்டும் என்றார். எறும்பை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு, இருந்திருக்கலாம் என்று எழுதினார். முப்பத்தேழு வருடம் கழித்து என் அப்பா ராமையாவுக்கு ஒருவர் நோய் கண்டுபிடித்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது அழுதேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. மூடி மறைக்காதே என்று அவளுக்கு அவ்வளவு புத்தி சொன்ன நான், கிளினிக்கில் தந்த துண்டுப் பிரசுரத்தை மடித்து அரிசி வாளிக்குப் பின்னால் செருகிவிட்டுச் சும்மா இருந்தேன். அவள் மறுபடி இரத்தம் கொடுக்கப் போகிற நேரத்தில் இதைச் சொன்னால் குலைந்துபோவாள் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. தன் கைச் சீனியை எனக்குத் தந்தவளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் மீதி.

6

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வீடியோவில் அழைத்தாள். நான் சமையலறை மேசையில் சாயத்தண்ணியோடு இருந்தேன். சட்டென்று ஒரு கையை மேசைக்குக் கீழே விட்டுக்கொண்டு பேசினேன்.

முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சீனி இல்லை. எல்லாம் சரியான அளவில் இருக்கிறதாம். கண் இருட்டியது இரத்தம் குறைவால், அதற்குக் குளிசை தந்திருக்கிறார்கள். மலையை விட்டு இறங்கத் தேவையில்லை. புத்தி தெரிந்த நாளிலிருந்து சாயத்தண்ணி இல்லாமல் விடிந்த முதல் நாள் அதுதானாம். பசறை வரும்வரைக்கும் தலையிடி, பதுளையில் நானா கடையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன் என்றாள். கிளினிக் விட்டு வந்ததும் அதே கடையில் இரண்டு குடித்தாளாம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

"அந்த நர்ஸ் மிஸ்ஸி திரும்பவும் அதே கேள்வியெல்லாம் கேட்டாங்க தம்பி. கூடப் பொறந்தவங்களுக்குச் சீனி இருக்கான்னு. போன தடவ இல்லன்னு சொல்லியிருந்தேன்."

"ம்."

"இந்த தடவ இருக்குன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

சோபாப் பக்கம் திரும்பினேன். திவ்யா காதில் மாட்டிக்கொண்டு மிக மும்முரமாக எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பியது என் புத்தி. இரண்டு வாரமாக அவளும் அத்தையும் ஒவ்வொரு நாளும் குரல் அனுப்பிக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தமிழில்தான்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தன் வலது கையைப் போனுக்கு நேரே விரித்துக் காட்டினாள். கொழுந்துக் கறை ஏறிய கை, வெடிப்புகளோடு, வெறுமையாக இருந்தது.

"நான் விட்டுட்டேன். இப்பெல்லாம் வெறும் சாயந்தான். உன் கையக் காட்டு."

கோப்பையை வைத்துவிட்டு வலது கையை விரித்தேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை. முற்றின இலையை யார் கூடைக்கு அடியில் ஒளித்திருக்கிறார்கள் என்று இருபத்திரண்டு பேரிடம் கண்டுபிடிக்கிற கண் அது.

"அது இல்ல. மத்த கை."

மேசைக்குக் கீழே மடக்கி வைத்திருந்த இடது கையை மேலே எடுத்துத் திறந்தேன். அவளே போன வருடம் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய கித்துள் கருப்பட்டி, ஒரு சின்னத் துண்டு, பாதி கரைந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"போயி கழுவிட்டு வா," என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."